குளுவாங்கில் பிறந்த குரல்

"மாமா, சாமிவேலு நம்ம ஊர்க்காரராமே, நெசமா?"

அக்காள் மகன் கேட்டபோது எனக்குக் கோப்பி புரையேறியது. அவனுக்கு வயது முப்பது. குளுவாங்கில் பிறந்து, ஜாலான் ஹாஜி மானான் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு சிவில் இன்ஜினியரானவன். சாலை போடுவதும் பாலம் கட்டுவதும்தான் அவன் படித்த படிப்பு. இந்த நாட்டுக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் தன் ஊரில்தான் பிறந்தார் என்பது, யாரோ கைப்பேசிக்கு அனுப்பிய துணுக்கு வழியாகத்தான் அவனுக்குத் தெரிய வந்திருக்கிறது.

குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் மூவரும் பசியாறிக்கொண்டிருந்தோம். நான், அவன், என் அப்பா. 1938 முதல் நடக்கிற கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மேசை பிடிப்பதே ஒரு சாதனை. சாமிவேலு இந்தக் கடையைவிட இரண்டு வயது மூத்தவர் என்றேன். அவர் பிறந்தது 1936 மார்ச் 8.

"பேரு தெரியும் மாமா. அவரு மலாய் பேசுற மாதிரி பேசிக் காட்டி வீடியோ போடுவாங்களே, அதுல பாத்திருக்கேன்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்கு முன்னாலயே அந்தக் குரலைத் தோட்டத்துல கேட்டவன் நான்" என்றார்.

இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது. அக்காள் மகன் ஆறு ஆண்டுகளில் மூன்று வேலை மாறிவிட்டான். இப்போது அந்தத் தொழிலையே விட்டுவிட்டு வேறு படிக்கப் போகிறேன் என்கிறான். அக்கா இரண்டு வாரமாக அவனோடு சரியாகப் பேசவில்லை. "ஒரு தொழில்ல நிலைச்சு நிக்காதவன் எங்க உருப்படுவான்?" என்பது அவருடைய கேள்வி. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சாமிவேலுவின் வாழ்க்கையைப் பார்த்தால் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் பையன், வானொலிச் செய்தி வாசிப்பாளர், நாடகக்காரர், கட்டடக் கலைஞர், கட்சித் தலைவர், அமைச்சர், கடைசியில் தூதர். ஒரே ஆள் இத்தனையும் செய்தாரா என்று இளையவர்கள் கேட்கலாம். செய்தார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

அவர் பிறந்த 1936இல் குளுவாங் எப்படி இருந்திருக்கும்? ஊருக்கு இந்தப் பெயர் வந்ததே இங்கே கூட்டம் கூட்டமாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களால்தான். சுற்றிலும் கித்தா மரம். ரயில் பாதையை ஒட்டித் தோட்டங்கள், தோட்டத்துக்குள் லயங்கள். விடியும் முன் பிரட்டு, பிறகு பால் வெட்டு. அந்த ஆண்டு டிசம்பரில்தான் இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்தார். கூலியை 1928ஆம் ஆண்டு நிலைக்கு, அதாவது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று, திரும்ப உயர்த்தித் தர வேண்டும் என்பது அவர் சொன்ன பரிந்துரை. அந்த 50 காசே பெரிய காசாக இருந்த காலம். சங்கிலிமுத்து என்ற பால்மரத் தொழிலாளியின் மகனாக இந்தச் சூழலில் பிறந்த குழந்தைக்குப் போட்டு வைத்திருந்த பாதை ஒன்றே ஒன்றுதான். தோட்டப் பள்ளியில் நாலெழுத்து, பிறகு பால் வாளி.

அந்தப் பாதையை விட்டு விலகி அவர் போய்ச் சேர்ந்த முதல் வாசல் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகம். கோப்பு எடுத்துக் கொடுக்கிற ஆபீஸ் பையன் வேலை. மேசைமேல் விரித்த வரைபடங்களைப் பார்க்கிறவனுக்கு இரண்டு வழி உண்டு. சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம், இல்லை இந்தக் கோடு எதற்கு என்று கேட்கலாம். அவர் இரண்டாவது வகை. வேலை பார்த்துக்கொண்டே படித்தார். கடைசியில் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற கட்டடக் கலைஞராகி, சொந்தமாகத் தொழிலும் நடத்தினார். இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். ஆனால் பகலில் சம்பள வேலை, இரவில் பாடம் என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் நீளம் தெரியும்.

இதற்கிடையே வானொலி. இன்று நாம் மின்னல் பண்பலை என்று கேட்கிற நிலையத்தின் முன்னோடியான தமிழ்ப் பிரிவில் அவர் செய்தி வாசித்தார். நாடக மேடையும் ஏறினார். அப்பா சொன்ன குரல் இதுதான்.

"எங்க தோட்டத்துல கிராணி வீட்ல மட்டும்தான் அப்ப ரேடியோ" என்றார் அப்பா. "சாயங்காலம் அவரு சன்னலைத் தொறந்து வைப்பாரு. நாங்க வெளிய நின்னு கேப்போம். அந்த ஆளு வாசிச்சா ஒரு வார்த்தை வுழாது."

"ஒரு வார்த்தை வுழாது" என்றால், ஓர் எழுத்துகூட விழுங்கப்படாது என்று பொருள். மேடையில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். பேச்சில் கோபம் இருக்கும், சில நேரம் கடுஞ்சொல்லும் இருக்கும். ஆனால் கடைசி வரிசையில் நிற்கிற பாட்டிக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய்ச் சேரும். அரசியலுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டதல்ல அது, செய்தி வாசித்த நாளிலேயே கைக்கு வந்த வித்தை என்பது என் கணிப்பு. அவருடைய மலாய் உச்சரிப்பை வைத்து நாடே சிரித்தது உண்மை. அதே ஆளின் தமிழைக் கேட்டிருந்தால் அந்த வீடியோக்காரர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பார்கள்.

மஇகாவில் அவர் சேர்ந்தது அறுபதுகளையொட்டி. பத்துமலைப் பகுதிக் கிளையில் தொடங்கிய பயணம். அன்று கட்சியில் பெரும் படிப்பும் பெரிய குடும்பப் பின்னணியும் கொண்டவர்கள் மேலே இருந்தார்கள். தோட்டத்தில் பிறந்து அலுவலகத்தில் கோப்பு தூக்கியவர் அந்த வரிசையில் ஏறி வந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1974 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதி அவருக்குக் கிடைத்தது. துன் சம்பந்தன் வைத்திருந்த தொகுதி அது. ஜொகூரில் பிறந்தவர், பேராக்கில் போட்டியிட்டு வென்றார். 1977இல் கட்சித் துணைத் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை எதிர்த்து நின்று 26 வாக்குகளில் வென்றார்.

இருபத்தாறே வாக்கு. அதில் பதினாலு பேர் மனம் மாறியிருந்தால் இந்த நாட்டு இந்தியர்களின் அடுத்த முப்பது ஆண்டுக் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். நல்லபடியாகவா, கெட்டபடியாகவா என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை.

1979 அக்டோபரில் தேசியத் தலைவர் டான்ஸ்ரீ மாணிக்கவாசகம் காலமானார். துணைத் தலைவராக இருந்த சாமிவேலு தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு பொதுப்பணி அமைச்சரும் ஆனார். வயது 43. கட்சித் தலைமையை அவர் கைவிட்டது 2010 டிசம்பரில். முப்பத்தோரு ஆண்டுகள்!

அமைச்சராக அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடப் போவதில்லை. ஜொகூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு படம் போதும். எழுபதுகளில் குளுவாங்கிலிருந்து கோலாலம்பூர் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆயர் ஈத்தாம் சந்திப்பு வரை போய், அங்கிருந்து பழைய சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, யோங் பெங், சிகாமட் பக்கம் சுற்றி, ஊர் ஊராக நின்று போக வேண்டும். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைப் பணிகள் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பமாயின. 1988இல் அது தனியார்வசம் ஒப்படைக்கப்பட்டது, 1994இல் முழுமை பெற்றது. கெடா எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே ஓட்டம். பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெடுஞ்சாலை முழுமை பெற்ற 1994இல் அவர் பொதுப்பணி அமைச்சரே அல்ல. 1989இல் சரவாக்கின் லியோ மோகியும் அவரும் இலாகா மாற்றிக்கொண்டார்கள். மோகி பொதுப்பணிக்கு வந்தார், இவர் எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் துறைக்குப் போனார். 1995இல் மறுபடியும் இடம் மாறினார்கள். எரிசக்தி அமைச்சராக இருந்த ஆறு ஆண்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. 1990இல் தேசிய மின் வாரியம் தெனாகா நேஷனலாக மாறியது அந்தக் காலத்தில்தான். 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் மின்சாரம் நின்றபோது, நாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருந்தவரும் அவர்தான்.

"ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் ஒர்க்ஸ் மினிஸ்டரா இருந்தா சைட்ல ஏமாத்த முடியாது மாமா" என்றான் அக்காள் மகன். குத்தகை வேலையில் ஆறு ஆண்டு அடிபட்டவன் அல்லவா! வரைபடம் படிக்கத் தெரியாத மேலதிகாரியை வைத்துக்கொண்டு எத்தனை கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவன் சொன்னது சரிதான். ஆனால் முழுவதும் சரியல்ல. கோலாலம்பூர் இரண்டாம் நடு வட்டச் சாலையின் கெப்போங் மேம்பாலத் தூண்களில் விரிசல் கண்டு, 2004இல் போக்குவரத்தை நிறுத்த வேண்டி வந்ததும் அவர் பதவிக் காலத்தில்தான். டோல் கட்டணம் ஏறிய ஒவ்வொரு முறையும் மக்கள் திட்டியது அவரைத்தான். சாலை போட்டவருக்கு வாழ்த்து ஒரு நாள்தான் வரும். டோல் சாவடியில் காசு எடுக்கிறவர்களின் வசவு தினமும் வரும்.

இந்த இடத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் தம்பி. மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, பேச்சு எதைப் பற்றி என்று கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவருக்கும் இந்த விஷயத்தில் ஒத்துப்போனதே இல்லை.

"ரோடு போட்டாரு, பாலம் கட்டுனாரு, எல்லாம் சரி. நம்ம காசு என்ன ஆச்சு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

சித்தப்பா கேட்டது மைக்காவைப் பற்றி. இளையவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள், எனவே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களை வெள்ளைக்காரன் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தத் தோட்டங்களையே வாங்கினார். அடுத்த தலைமுறையில் அதே மாதிரி ஒன்று, ஆனால் தோட்டத்துக்கு வெளியே, வணிகத்தில், என்பது சாமிவேலுவின் கனவு. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் பிறந்தது. ஒரு பங்கு ஒரு வெள்ளி. அறுபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். சேர்ந்த தொகை 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. நாடு முழுவதும் தாலியை அடகு வைத்துக்கூடப் பங்கு வாங்கியவர்கள் உண்டு என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

எதிர்பார்த்த லாபம் வரவில்லை. 1990இல் டெலிகோம் மலேசியா பங்குகளில் ஒரு கோடி மைக்காவுக்கு ஒதுக்கப்பட்டு, பத்து லட்சம் மட்டுமே வந்து சேர்ந்தது. மிச்சம் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது. இந்தச் செய்தி 1992இல் வெளியே வந்தபோது சமூகம் கொதித்தது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. சாமிவேலு மீது குற்றச்சாட்டு எதுவும் கொண்டு வரப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் 2010இல் டான்ஸ்ரீ ஞானலிங்கத்தின் தரப்பு பங்குக்கு 80 காசு தருவதாக முன்வந்தது. 1982இல் போட்ட ஒரு வெள்ளிக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து 80 காசு. கணக்குத் தெரிந்த இளையவர்களிடம் பணவீக்கத்தைச் சேர்த்து அதன் இன்றைய மதிப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காள் மகன் கைப்பேசியில் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான்.

அப்பா சும்மா இருக்கவில்லை. "சரிப்பா, எய்ம்ஸ்ட்?" என்றார்.

சித்தப்பா கோப்பியை உறிஞ்சினார். எய்ம்ஸ்ட் என்றால் அவரும் கொஞ்சம் இறங்கி வருவார். 1984இல் மஇகாவின் கல்விக் கரமாக எம்ஐஇடி அமைக்கப்பட்டது. சிரம்பானில் டேஃப் கல்லூரி வந்தது. ஆஸ்திரேலியாவில் தொழிற்கல்விக்கு வழங்குகிற பெயரையே அதற்கு வைத்தார்கள். பள்ளிப் படிப்பில் தேறாத பிள்ளை கையில் ஒரு தொழிலோடு வெளியே வரட்டும் என்ற எண்ணம். பிறகு கெடாவில், பீடோங்கை அடுத்த செமிலிங்கில், எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். 2001இல் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல். இன்று சாதாரணமாகத் தெரியும். ஆனால் எண்பதுகளில், தொண்ணூறுகளில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியும் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இடம் கிடைக்காமல், ரஷ்யாவுக்கோ உக்ரேனுக்கோ இந்தோனேசியாவுக்கோ போகப் பணம் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் வேறு துறைக்குப் போனார்கள் என்பதை அந்தத் தலைமுறைப் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

என் பள்ளித் தோழர் ஒருவர் சிம்பாங் ரெங்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மகள் எய்ம்ஸ்டில் பல் மருத்துவம் முடித்தவள். கட்டணம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார். சாமிவேலுவைப் பற்றிப் பேச்செடுத்தால் தோழர் வாயைத் திறக்க மாட்டார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். மகளின் பட்டமளிப்புப் படத்தை மட்டும் பட்டறைச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்கு படாத உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

1987இல் ஆறாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது கட்சிக்கும் சமூகத்துக்கும் தலைவராக இருந்தவரும் அவரே. இதை இங்கே சொல்லக் காரணம், தமிழ் அவருக்கு வெறும் ஓட்டு மொழியாக இல்லை என்பதற்காக. செய்தி வாசித்தவர் அல்லவா!

பிறகு 2007. நவம்பர் 25ஆம் நாள் ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் தெருக்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இறங்கினார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி. கோயில் உடைப்பு, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த கோபம் அது. அந்தக் கோபத்தில் பாதி அரசாங்கத்தின் மேல், பாதி அரசாங்கத்தில் நமக்காக உட்கார்ந்திருந்தவர் மேல். சித்தப்பா அன்று இரவு பஸ்ஸில் கோலாலம்பூர் போனவர். அப்பா போக வேண்டாம் என்றார். இருவரும் சில மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பேச்சற்ற நிலை முடிந்தது அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல் இரவில்தான். 2008 மார்ச் 8. தேதியைக் கவனித்தீர்களா? சாமிவேலுவின் எழுபத்திரண்டாவது பிறந்தநாள். எங்கள் வீட்டில்தான் பெரிய தொலைக்காட்சி இருந்தது. எனவே சித்தப்பா வேறு வழியில்லாமல் வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். எட்டு முறை தொடர்ந்து வென்ற சுங்கை சிப்புட்டில், டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் 1,821 வாக்குகளில் அவரை வீழ்த்தினார். ஜெயக்குமாருக்கு அது மூன்றாவது முயற்சி. மார்புநோய் மருத்துவர், சோசலிசக் கட்சிக்காரர், கெஅடிலான் சின்னத்தில் நின்றவர். மஇகா ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றில் மட்டும் வென்றது.

செய்தி வந்தபோது சித்தப்பா கைதட்டுவார் என்று நினைத்தேன். அவர் தட்டவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, "பொறந்த நாள் அதுவுமா..." என்றார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டு வந்தார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பழையபடி பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள், பழையபடி சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

தோற்ற பிறகும் அவர் கட்சித் தலைமையை உடனே விடவில்லை. எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம் அதுதான். ஆபீஸ் பையன் வேலையை விடத் தெரிந்தவர், செய்தி வாசிப்பை விடத் தெரிந்தவர், கட்டடத் தொழிலை விட்டு அரசியலுக்கு வரத் தெரிந்தவர், இந்த ஒரு நாற்காலியை மட்டும் விடத் தெரியாமல் முப்பத்தோரு ஆண்டு பிடித்திருந்தார். அடுத்த வரிசையில் ஆள் வளரவில்லை என்று அவரைக் குறை சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2010 டிசம்பரில் ஜி. பழனிவேலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகினார். 2011 முதல் சில ஆண்டுகள், அமைச்சர் தகுதியோடு, இந்தியாவுக்கும் தெற்காசியாவுக்குமான உள்கட்டமைப்புச் சிறப்புத் தூதராக இருந்தார். மலேசியக் குத்தகை நிறுவனங்களுக்கு அங்கே சாலை வேலை, பாலம் வேலை பிடித்துக் கொடுக்கிற பணி. எழுபத்தைந்து வயதில் ஒரு புது வேலை! இதைச் சொன்னபோது அக்காள் மகன் முதல் முறையாகச் சிரித்தான்.

2022 செப்டம்பர் 15ஆம் நாள் காலையில், கோலாலம்பூரில், எண்பத்தாறு வயதில் துன் சாமிவேலு காலமானார். அன்று அப்பா வானொலியை விட்டு நகரவில்லை. மத்தியானம் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். "போயிட்டாரா?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்து, "யாரைத் திட்டுறது இனிமே?" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் கோபப்பட ஒருவர், அந்தக் கோபத்துக்கு நின்று பதில் சொல்ல ஒருவர் என்று இருந்தது, அவர் தலைமுறைக்குப் பழகிப்போன ஏற்பாடு. பதில் பிடிக்கிறதோ இல்லையோ, குரல் வரும்.

அக்காள் மகனின் பிரச்சினைக்கு வருவோம். அவன் அன்று கேட்டான்: "அப்ப நான் வேலை மாறுறது தப்பில்லதானே மாமா?" நான் அவனுக்குச் சொன்னதை அக்கா இதைப் படித்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன். சாமிவேலு ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது முந்தையதை வீசிவிட்டுப் போகவில்லை. வானொலிக் குரலைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுபோனார், வரைபடம் படிக்கிற கண்ணை அமைச்சுக்குக் கொண்டுபோனார். நீ எதைக் கொண்டுபோகிறாய் என்று உன் அம்மாவிடம் சொல், அவர் பேசுவார் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பதில் சொல்லவில்லை.

பசியாறிய பிறகு, அவர் பிறந்த இடத்தைப் பார்க்கலாமா என்று அவன்தான் கேட்டான். காரை எடுத்துக்கொண்டு நால்வரும் குனோங் லம்பாக் அடிவாரம் வழியாக ஊரைச் சுற்றினோம். கித்தாத் தோட்டம் இருந்த இடமெல்லாம் செம்பனை. செம்பனை இருந்த இடங்களில் சில பக்கம் வீடமைப்புப் பகுதி. லயங்கள் இல்லை. அவர் பெயரில் ஒரு பலகையாவது இருக்குமா என்று பார்த்தோம். எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. "அவரு போட்ட ரோட்டுலதான நீ தெனம் போற, பலகை எதுக்கு?" என்றார் அப்பா. "அந்த ரோட்டுக்கு நாமதான டோல் கட்டுறோம்" என்றார் சித்தப்பா.

திரும்ப ரயில் நிலையத்துப் பக்கம் வந்து காரை நிறுத்தினோம். வெயில் ஏறியிருந்தது. அக்காள் மகன் பின் இருக்கையிலிருந்து எட்டி, "தாத்தா, அவரு ரேடியோவுல எப்படி வாசிப்பாரு? ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்" என்றான்.

அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. முதலில் கூச்சப்பட்டார். பிறகு சட்டைப் பையில் கையைவிட்டு, காலையில் சாப்பிட்டதற்கான ரசீதை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு வார்த்தையும் விழாமல் வாசிக்கத் தொடங்கினார்.

"வணக்கம். செய்திகள். ரொட்டி பாக்கார், மூன்று. கோப்பி ஓ, நான்கு. நாசி லெமாக்..."

சித்தப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.